மதுரை வெயிலில் பியர்டட் டிராகன் வளர்க்கலாமா? மாடி அறை சரிப்படுமா?

மாடக்குளம்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பியர்டட் டிராகன் என்கிற பல்லி ஒன்று வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அம்மாவுக்கு இளைப்பு உண்டு, நாய் பூனை முடி ஒத்துக்கொள்ளாது. இதற்கு முடியும் இல்லை, சத்தமும் இல்லை. தங்கச்சி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், அவளும் ஒரே நச்சரிப்பு.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் வாழ்கிற ஜீவன் என்பதால் மதுரை வெயில் அதற்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் என்று நினைக்கிறேன். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறை சும்மா கிடக்கிறது. பழைய மூன்றடி மீன் தொட்டியும் இருக்கிறது. அதில் ஆற்று மணல் பரப்பி ஜன்னல் ஓரம் வைத்துவிடலாம் என்று திட்டம். இன்ஸ்டாகிராமில் பேசிய விற்பனையாளர், "ஜன்னல் வெயில் வந்தால் போதும், விளக்கெல்லாம் குளிர் ஊர்க்காரர்களுக்கு" என்கிறார். பில் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்.

இந்த ஏற்பாடு போதுமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லூர்_தறி:

தாராளமாகப் போதும் தம்பி. நம் ஊர் வேலியில் இருக்கிற ஓணான் விளக்கு வைத்தா வாழ்கிறது? வெயில் காய்கிறது, பூச்சி பிடிக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கு, வெப்பமானி, கால்சியம் பவுடர் என்று ஆயிரக்கணக்கில் செலவு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்படியே போனால் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை எதையுமே வளர்க்க முடியாது.

ஊர்வன_நேசன்:

தம்பி, திருநகரிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டில் ஒரு பெண் பியர்டட் டிராகன் (சுருக்கமாகப் பியர்டி) பல வருடமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த மாடி அறையை மறந்துவிடுங்கள். பியர்டி தன் உடம்பை 35, 36 டிகிரியில் வைத்துக்கொள்ளத்தான் பார்க்கும். அதற்காகச் சூடான கல்லில் ஏறிப் படுக்கும், போதுமான சூடு ஏறியதும் இறங்கி நிழலுக்குப் போகும். நாள் முழுக்க இந்த நடமாட்டம்தான். கூண்டின் ஒரு முனையில் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரை இருக்கலாம், மறு முனை 25 முதல் 29க்குள் இருக்க வேண்டும். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் ஆஸ்பெஸ்டாஸ் அறைக்குள் ஒரு வெப்பமானியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அறையே 40ஐத் தாண்டி நிற்கும். அப்போது குளிர்ந்த முனை என்று எதைக் காட்டுவீர்கள்? அந்த ஜீவனுக்கு ஒதுங்க இடமே இல்லை. வெளிநாட்டு வீடியோக்களில் எப்படிச் சூடேற்றுவது என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். நமக்கு மாசியிலிருந்து ஆவணி வரை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்பதுதான் பெரிய வேலை.

வீட்டிலேயே கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவர் ஓரமாக ஒரு இடம் பாருங்கள். மின்விசிறி ஓடுகிற அறையாக இருந்தால் நல்லது.

அடுத்து ஜன்னல். கண்ணாடி வழியாக வெளிச்சமும் சூடும் வரும், வெயிலில் இருக்கிற யூ.வி.பி. என்கிற புற ஊதாக் கதிர் வராது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 உண்டாக்கும். டி3 இருந்தால்தான் தின்கிற கால்சியம் எலும்புக்குப் போகும். செல்லூர் அண்ணன் சொன்ன வேலி ஓணானுக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது, அதுவும் கண்ணாடி குறுக்கே இல்லாமல். வீட்டுக்குள் அடைக்கிற நாம்தான் அதைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே யூ.வி.பி. குழல்விளக்கு கட்டாயம். அதையும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், நம் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கதிர் குறைந்திருக்கும்.

மீன் தொட்டியும் வேண்டாம். நான்கு பக்கமும் கண்ணாடி, காற்று மேலே மட்டும், சூடு உள்ளேயே தேங்கும். வளர்ந்த பியர்டி மூக்கிலிருந்து வால் நுனி வரை 45 முதல் 60 சென்டிமீட்டர் வரும். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு பிளைவுட் கூண்டு தச்சரிடம் சொல்லிச் செய்யுங்கள். இரு பக்கமும் கம்பி வலை வைத்த காற்றுப் போக்கி, முன்னால் தள்ளுகிற கண்ணாடிக் கதவு. குளிர்ந்த முனையில் புகுந்து படுக்க ஒரு மறைவிடம். தரைக்கு ஆற்று மணல் வேண்டாம், குட்டிகள் பூச்சியைக் கவ்வும்போது மணலையும் சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். சமையல் மேடைக்குப் போடுகிற கடப்பாக் கல்லில் மிச்சத் துண்டு கேட்டு வாங்குங்கள். சூடு கொடுக்கிற விளக்குக்குக் கீழே அதைப் போட்டால் அருமையாகச் சூடு பிடிக்கும், நகமும் தானாகத் தேயும், கழுவுவதும் சுலபம். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் கடைகளில் கிடைப்பதே உசத்தி.

மேலூர்_ரியாத்:

சொந்த ஊர் மேலூர், வேலை சவூதியில். இங்கே பாலைவனத்தில் தப் என்று ஒரு முள்வால் பல்லி உண்டு, நம் உடும்பில் பாதி பருமன் வரும். வெள்ளிக்கிழமை நண்பர்களோடு வெளியே போனால் அடிக்கடி கண்ணில் படும்.

காலை வெயிலில் வளை வாசலில் தட்டையாகப் படுத்திருக்கும். முதலில் பார்க்கும்போது கருஞ்சாம்பலாக இருக்கும், சூடு ஏற ஏற நிறம் வெளுத்துக்கொண்டே வரும். கோடையில் உச்சி வெயில் நேரத்தில் தேடினால் கிடைக்காது. வளைக்குள் போய்விடும். வளை சாய்வாக மண்ணுக்குள் ஆழமாக இறங்கும், வெளியே தரை காலைச் சுடுகிற நேரத்திலும் உள்ளே அவ்வளவு சூடு இருக்காது. எதற்குச் சொல்கிறேன் என்றால், பாலைவனத்துப் பல்லி என்றதும் எவ்வளவு வெயிலையும் தாங்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். அது வெயிலிலிருந்து தப்பிக்கத் தெரிந்த உயிர். வளையைப் பிடுங்கிவிட்டு வெயிலை மட்டும் கொடுத்தால் அதுவும் செத்துத்தான் போகும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அதன் மூக்கு ஓரம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். தின்கிற செடியிலிருந்தே தண்ணீர் எடுத்துக்கொண்டு, மிஞ்சிய உப்பை மூக்குச் சுரப்பி வழியாகத் தள்ளிவிடுகிறது. தண்ணீர் குடிப்பது அபூர்வம்.

மாடக்குளம்காரன்:

ஊர்வன_நேசன் அண்ணா, ரியாத் அண்ணா, ரொம்ப நன்றி. மாடி அறையில் நேற்றே வெப்பமானி வைத்துப் பார்த்தேன். இப்போதே மதியம் 39 காட்டுகிறது, இன்னும் பங்குனிகூடப் பிறக்கவில்லை. அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு சந்தேகம். யூ.வி.பி. விளக்கு இல்லாமல் தினமும் காலையில் கொஞ்ச நேரம் வெளியே வெயிலில் வைத்தால் போதாதா?

கால்நடை_மாணவி:

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். சிகிச்சைப் பிரிவில் நான் பார்த்த ஒன்றைச் சொன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

ஒரு பியர்டியைக் கொண்டுவந்தார்கள். வயது ஒன்றுகூட ஆகவில்லை. விற்றவர் விளக்கு தேவையில்லை என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். மேசையில் விட்டதும் நெஞ்சைத் தூக்கி நிற்க முயன்றது, முன்னங்கால்கள் வளைந்து வயிறு தரையில் பட்டது. விரல்கள் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டே இருந்தன. கீழ்த்தாடையை ஆசிரியர் மெல்ல அழுத்திக் காட்டினார், ரப்பர் மாதிரி அமுங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பும் சதையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்தன. உடம்பு ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்தே உருவி எடுத்திருக்கிறது. ஊசியும் மருந்தும் கொடுத்தால் மேற்கொண்டு மோசமாகாமல் நிறுத்தலாம், வளைந்த கால் பழையபடி நேராகாது.

அந்த வீட்டுக்காரர்கள் பாசமில்லாதவர்கள் இல்லை. கைக்குழந்தையைத் தூக்குவது போலத்தான் தூக்கி வந்தார்கள். அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த இழையில் நான் எழுதுவதும் அதனால்தான்.

காலை வெயில் நல்லது, சந்தேகமே இல்லை. எட்டு, ஒன்பது மணிக்குக் கம்பி வலைக் கூண்டில், பாதி நிழல் வைத்து, நீங்கள் பக்கத்திலேயே இருந்து காட்டினால் விளக்கைவிட மேலான கதிர் கிடைக்கும். ஆனால் தினமும் தவறாமல் உங்களால் முடியுமா? ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும் நாட்களில் என்ன செய்வீர்கள்? விளக்கு அடிப்படைக்கு, வெயில் அதற்கு மேல் கிடைக்கிற நன்மை. இன்னொன்று, கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடங்களிலேயே உள்ளே வெந்துபோகும். காக்கை, பூனை, பருந்து ஆபத்தும் உண்டு.

வாய் திறந்தபடி படுத்திருந்தால் கோபம் என்று நினைக்க வேண்டாம். உடம்பில் சூடு போதும் என்று ஆனதும் அப்படித்தான் வெப்பத்தை வெளியே விடும். ஆனால் நிழலுக்குப் போன பிறகும் வாய் மூடாமல் மூச்சு வாங்கினாலோ, வாயில் கோழை தெரிந்தாலோ உடனே கவனிக்க வேண்டும்.

தங்கச்சி பற்றிச் சொன்னீர்கள். ஊர்வன எல்லாவற்றின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீடு என்றால் இன்னும் கவனம்.

செல்லூர்_தறி:

மாணவி சொன்னதைப் படித்தேன். விளக்கு விஷயத்தில் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு செலவு செய்து வெளிநாட்டு ஜீவனை வாங்குவானேன்? யானைமலைப் பாறையில் தலையும் முதுகும் செக்கச்செவேல் என்று, உடம்பெல்லாம் கறுப்பாக ஒரு ஓணான் உட்கார்ந்திருக்குமே, அதைப் பிடித்து வளர்த்தால் நம் ஊர்த் தட்பவெப்பம் அதற்குப் பழகினதுதானே?

கரட்டாண்டி:

அண்ணே, நீங்கள் சொல்வது பாறை ஓணான். அந்தச் சிவப்பு ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் வருகிற நிறம். பெண் பாறையோடு பாறையாக மங்கலாகத்தான் இருக்கும். ஒரு பெரிய பாறையில் ஒரு ஆண் தன் எல்லையைப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி அடுத்தவனை விரட்டும். அதைக் கூண்டில் போட்டால் அந்த நிறமும் வராது, ஆட்டமும் இராது. கிடைத்த மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். காட்டில் பிடித்த ஓணான் வகைகள் பெரும்பாலும் சாப்பிடாமலே சாகும். தயவுசெய்து பிடிக்காதீர்கள்.

பியர்டியின் கதை வேறு. ஆஸ்திரேலியா தன் நாட்டு உயிரினங்களை வணிகத்துக்கு வெளியே விடுவதை 1960களிலிருந்தே தடுத்து வைத்திருக்கிறது. இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. மனிதக் கை அவற்றுக்குப் பழகிவிட்டது.

நம் நாட்டுப் பாலைவனப் பல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தார் பாலைவனத்திலும் கட்ச் பக்கமும் இருக்கிற சாண்டா என்கிற முள்வால் பல்லி, ரியாத் அண்ணன் சொன்ன 'தப்' பல்லிக்கு நெருங்கிய உறவு. புல்லும் இலையும் பூவும் தின்கிற சாதுவான உயிர். வால் கொழுப்பில் எண்ணெய் எடுத்து மருந்து என்று விற்பதற்காக அதைப் பிடித்து முதுகெலும்பை முறித்துப் போடுகிறார்கள். அந்த எண்ணெயால் எந்த நோயும் தீராது. சிலர் அதைச் செல்லப்பிராணி என்றும் விற்கப் பார்க்கிறார்கள். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம் அது. வாங்குவது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். நம் உடும்புக்கும் பச்சோந்திக்கும் இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

இதில் எனக்குப் பிடித்த ஒரு தொடர்பு. ராஜஸ்தானில் சாண்டாவை வேட்டையாடும் பறவைகளில் லகர் வல்லூறு முக்கியமானது. அதே லகர் வல்லூறு நம் அரிட்டாபட்டிப் பாறைகளிலும் இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியை அறிவித்தார்களே, அதற்கு இந்த மாதிரிப் பறவைகளும் ஒரு காரணம். அங்கே பாறையில் ஓணான் இருந்தால்தான் வானத்தில் வல்லூறு இருக்கும். செல்லூர் அண்ணே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள், நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

செல்லூர்_தறி:

நல்லது தம்பி, வருகிறேன். பிடிக்கிற யோசனையைக் கைவிட்டாயிற்று.

மாடக்குளம்காரன்:

பில் விஷயம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பியர்டி வெளிநாட்டு இனம் என்பதால் காகிதம் எதுவும் தேவையில்லை என்கிறார் அந்த விற்பனையாளர்.

கரட்டாண்டி:

அப்படிச் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள விலங்கு வர வேண்டுமானால் இறக்குமதி உரிமமும் உடல்நலச் சான்றும் வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் சாக்ஸிலும் டப்பாவிலும் திணித்துக் கொண்டுவந்த பல்லி, பாம்பு, ஆமைகளைச் சுங்கத் துறை பிடிக்கிற செய்தி அடிக்கடி வருகிறது. வருகிற வழியிலேயே சில செத்திருக்கும். காகிதம் இல்லாத குட்டி அந்த வழியில் வந்ததா, இங்கேயே யார் வீட்டிலாவது பொரித்ததா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, சைட்டிஸ் என்கிற பன்னாட்டு ஒப்பந்தத்தில் வருகிற அயல்நாட்டு இனங்களுக்குத் தனி அட்டவணை சேர்த்தார்கள். அதற்கான பதிவு விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. அந்த அட்டவணையில் உள்ள உயிரை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். முள்வால் பல்லியில் வெளிநாட்டு வகைகள் எல்லாம் இதில் வந்துவிடும். நீங்கள் எந்த இனம் வாங்கினாலும் அறிவியல் பெயரை எழுதிக்கொண்டுபோய் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விற்பவரிடம் பில், எங்கே பொரித்தது என்கிற விவரம், தாய் தகப்பன் படம் மூன்றையும் கேளுங்கள். நேர்மையாக வளர்த்து விற்பவர் சந்தோஷமாகக் கொடுப்பார்.

மாடக்குளம்காரன்:

புரிந்தது. அந்த ஆளை விட்டுவிட்டேன். தீனி பற்றிச் சொல்லுங்கள். அம்மா கீரை வாங்கும்போது கூட ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். வெட்டுக்கிளி வயலில் பிடிக்கலாமா?

ஊர்வன_நேசன்:

குட்டியாக இருக்கும்போது பூச்சிதான் அதிகம், வளர்ந்த பிறகு முக்கால்வாசி இலை தழை. இதை மாற்றிச் செய்தால் கொழுத்துப்போகும்.

வயல் வெட்டுக்கிளி வேண்டாம். வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் நெல்லுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பறவைக் கடைகளில் சூப்பர் வார்ம் என்கிற புழு கிடைக்கும், அது எப்போதாவது ஒன்றிரண்டு கொடுக்க மட்டும், கொழுப்பு ஜாஸ்தி. வீட்டிலேயே டூபியா என்கிற கரப்பானோ, கிரிக்கெட் என்கிற சில்வண்டோ வளர்த்துக்கொள்வது நல்லது. பூச்சியின் நீளம் பல்லியின் இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. கால்சியம் பவுடரில் புரட்டித்தான் போட வேண்டும். மின்மினிப் பூச்சி மட்டும் தப்பித்தவறியும் வாய்க்குப் போகக் கூடாது, ஒன்றே உயிரை எடுத்துவிடும்.

கீரையில் அம்மாவிடம் சொல்லுங்கள், பாலக்கீரை, தண்டுக்கீரை வகைகள் தினசரிக்கு ஆகாது. அவற்றில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்புக்கு விடாது. செம்பருத்தி இலையும் பூவும் மிகச் சிறப்பு, என் வீட்டுப் பியர்டி சிவப்புப் பூவைக் கண்டால் கூண்டின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவரும். மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், துருவிய மஞ்சள் பூசணி எல்லாம் கொடுக்கலாம். முருங்கைக்கீரையும் இடையிடையே சேர்க்கலாம். அவகாடோ கூடவே கூடாது. பூச்சந்தையில் வாங்குகிற பூவும் வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். ஒரு செம்பருத்திச் செடியை இப்போதே தொட்டியில் நட்டுவிடுங்கள்.

வைகை_வடகரை:

இடையில் ஒரு கேள்வி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் நிறுத்துவார்களே, அன்றைக்கு என்ன செய்வது?

ஊர்வன_நேசன்:

ஒரு நாள் விளக்கு இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அன்றைக்குப் பூச்சி கொடுக்காதீர்கள், உடம்பில் சூடு ஏறாவிட்டால் செரிக்காது. கோடையில் மின்விசிறி நின்றுபோவதுதான் கவலை. தண்ணீர் பாட்டிலை முதல் நாளே ஃப்ரீசரில் உறைய வைத்து, துணி சுற்றி, கூண்டின் குளிர்ந்த முனைக்கு வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். ஈரச் சாக்கைக் கூண்டின் மேல் போடுகிறவர்கள் உண்டு, நான் ஒப்பமாட்டேன். உள்ளே ஈரப்பதம் ஏறும், காற்றும் அடைபடும். ஐப்பசி மழையில் இதே ஈரப்பதம்தான் தொல்லை. ஈரப்பத மானி 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட்டு, குடிக்க மட்டும் காட்டுங்கள். அறை ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்.

கால்நடை_மாணவி:

ஒன்று சேர்க்கிறேன். வாங்குவதற்கு முன்பே ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார் என்று விசாரித்து வையுங்கள். எல்லா மருத்துவர்களும் பல்லிக்கு மருந்து அளவு போட்டுப் பழகியிருக்க மாட்டார்கள். பியர்டி பத்து வருடத்தை ஒட்டி வாழும். தங்கச்சி கல்லூரி போகும்போதும் அது வீட்டில் இருக்கும், நீங்கள் வேலைக்கு வெளியூர் போனால் பூச்சி எடுத்துப் போடுவது அம்மாவா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

மாடக்குளம்காரன்:

நேற்று இரவு உட்கார்ந்து பேசிவிட்டோம். கரப்பான் வளர்க்க அம்மா சம்மதிக்கவில்லை, சில்வண்டுக்குச் சரி என்றார்கள். தச்சரிடம் கூண்டு அளவு கொடுத்தாயிற்று, நடு அறையில் கிழக்குச் சுவர் ஓரம் வைக்கப் போகிறோம். பல்லியை இப்போது வாங்கவில்லை. கூண்டு, விளக்கு எல்லாம் பொருத்திக் கோடை முழுக்க வெறுமனே ஓடவிட்டு, குளிர்ந்த முனை 29க்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான். எந்தெந்த நேரத்தில் அளந்து எழுதி வைக்க வேண்டும் அண்ணா?

ஊர்வன_நேசன்:

காலை விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து, மதியம் மூன்று மணிக்கு, இரவு படுக்கப் போகும் முன். மூன்று வேளையும் இரண்டு முனையிலும். கல்லின் மேற்பரப்புக்கு அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி, காற்றுக்குச் சாதாரண வெப்பமானி. மதியம் மூன்று மணிக் கணக்குதான் முக்கியம். அக்கினி நட்சத்திரத்திலும் குளிர்ந்த முனை 29ஐத் தாண்டவில்லை என்றால் தைரியமாக வாங்கலாம். தாண்டினால் முதலில் விளக்கின் வாட்டைக் குறையுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் கூண்டை வேறு சுவருக்கு மாற்றிப் பாருங்கள். கணக்கை இங்கேயே வாரம் ஒருமுறை போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.